டெல்டாவில் சிப்பிப்பாறை வளர்க்கலாமா?

2025 பிப்ரவரி 3 – மன்னார்குடி வாசகர்

வயலை ஒட்டி வீடு. சம்பா அறுத்தாச்சு, உளுந்து முளைச்சு நிக்குது. எலி, பெருச்சாளி தொல்லை தாங்கல. சிப்பிப்பாறை ஆண் குட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். வேட்டை நாய்தானே, எலியைப் பாத்துக்கும். இன்னொண்ணு: தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சுவர்ல அலங்குங்கற பழைய வேட்டை நாயைச் செதுக்கியிருக்குன்னு சொல்றாங்க. அப்ப வேட்டை நாய் சோழ நாட்டுச் சொத்துதானே? தெக்கத்தி ஊர்ப் பேரை வச்சுக்கிட்டுத் திரியறது ஏன்?

பிப்ரவரி 3, இரவு

எலிக்காக என்றால் வாங்க வேண்டாம்.

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். தூரத்தில் ஏதாவது அசைந்தால் பார்க்கும், பார்த்ததும் பாயும், ஓடிப் பிடிக்கும். வளையை மோந்து, தோண்டி, காத்திருந்து பிடிப்பது அதன் வேலை இல்லை. அந்த வேலைக்கு உங்கள் தெருவில் திரியும் நாட்டு நாயே மேல். எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி (மூங்கில் எலிப்பொறி) போடுங்கள், வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள், வரப்பை அகலம் குறைத்துச் செதுக்கி வையுங்கள். அகல வரப்பில்தான் எலி குடித்தனம் பண்ணும்.

நாய் மேல் ஆசையால் வாங்குகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு.

பிப்ரவரி 4

அலங்கு விஷயம். கல்லில் ஒரு நாய் உருவம் இருந்தால் அங்கே நாய் இருந்தது என்று சொல்லலாம். அது எந்த இனம் என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. சிற்பி வயிற்றை ஒட்டச் செதுக்கினால் எல்லா நாயும் வேட்டை நாய் மாதிரித்தான் தெரியும். அதுவும் நம் பக்கத்துக் கோயில்களில் நாய் என்றால் பெரும்பாலும் பைரவர் வாகனம். திருவிசநல்லூரில் நான்கு பைரவர் நிற்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் நாய்க்குப் பெயர் சொல்லி எழுதிய பழைய கல் வேண்டுமென்றால் செங்கம் பக்கம் எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்மன் காலம். கோவிவன் என்ற வேட்டை நாய் இரண்டு திருடர்களைக் கடித்து நின்றதைச் சொல்கிறது.

பிப்ரவரி 4, சற்றுப் பின்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கோவிவனை ‘வேட்டை நாய்’ என்று எழுதிவிட்டேன். கல் அப்படிச் சொல்லவில்லை. நாய், பெயர் கோவிவன், கள்ளனைக் கடித்தது, அவ்வளவுதான். காவல் நாய் என்பதுதான் பொருத்தம். ஞமலி, ஞாளி என்று சங்கப் பாடல்களில் வருவதும் நாய்க்குப் பொதுப் பெயர்தான். அதையெல்லாம் இழுத்து வந்து இன்றைய இனத்தோடு முடிச்சுப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. இந்த நாய்க்கு இரவல் பெருமை தேவையில்லை.

பிப்ரவரி 6 – வலங்கைமான் வாசகர்

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் ஒண்ணுதானே, கலர்தானே வேற?

பிப்ரவரி 6

இல்லை. ராஜபாளையம் தனி: பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, எலும்பு கனம், காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பழகியது. கோம்பை தேனி மாவட்டத்து ஊர்ப் பெயர். செம்பழுப்பு உடல், கரிய வாய், காவல் குணம். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்.

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உள்ள எல்லைதான் சண்டைக்கு இடம். கருப்பு உடலில் செம்பழுப்புக் கால், புருவத்தில் பொட்டு இருந்தால் கன்னி என்பார்கள். கல்யாணத்தில் பெண்ணோடு சீதனமாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்று அந்தப் பக்கம் சொல்வது உண்டு. உடல் கட்டில் இரண்டும் பங்காளிகள். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் மூன்றையும் இனமாகப் பதிவு செய்திருக்கிறது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் நம் ஊரிலிருந்து இடம் பிடித்தது ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பெயர் சொன்ன பிறகு குட்டி கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கூடவே கலப்புக் குட்டியைத் தலையில் கட்டுவதும் கூடிவிட்டது.

பிப்ரவரி 9

நம் மண்ணுக்கு இந்த நாய் பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அதைத்தான்.

கரிசல் காடு திறந்த வெளி, வறண்ட காற்று. அங்கே வளர்ந்த உடம்பு இது. தோல் மெல்லிசு, மயிர் குட்டை, கொழுப்பே கிடையாது. ஓடும்போது பாருங்கள்: முதுகு வில்லாக வளையும், பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டி விழும், ஒரு பாய்ச்சலுக்குள் இரண்டு தடவை நான்கு காலும் தரையை விட்டு எழும். ஒரு தடவை உடம்பு சுருங்கியிருக்கும்போது, ஒரு தடவை நீண்டிருக்கும்போது. இவ்வளவு வேகத்தில் போகிறது ஒரு அடி அகல வரப்பில் திரும்ப முடியுமா? நம் பக்கம் ஆடியிலிருந்து தை வரை சேறு, நட்ட பயிர், வாய்க்கால். அறுப்புக்குப் பிறகுதான் வெளி. சித்திரை வந்தால் களிமண் வயல் பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்பில் கால் மாட்டினால் விரல் பிசகும், முன்னங்கால் எலும்பு முறியும். வெடித்த வயலில் அவிழ்த்து விடவே கூடாது.

ஓட்டத்துக்கு நல்ல இடம் ஆற்று மணல். கொள்ளிடத்துத் திட்டு, வெண்ணாற்றுப் படுகை, எங்கே மணல் கெட்டியாக இருக்கிறதோ அங்கே. முதலில் நீங்கள் நடந்து பாருங்கள். மணல் எடுத்த பள்ளமும் உடைந்த பாட்டிலும் இல்லை என்று தெரிந்த பிறகு நாயை விடுங்கள். காலை ஆறு, ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். நம் வெக்கையில் ஈரம் அதிகம், இரைத்து ஆற்றிக்கொள்ள முடியாது. நாயின் உடல் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். ஓடியதில் தள்ளாடினால், நாக்கு அகன்று செங்கல் நிறமானால், நிழலில் போட்டு வயிறு, தொடை, பாதம் எல்லாம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். 103.5-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். அதற்கு மேலும் ஊற்றினால் உடம்பு ஒரேயடியாகக் குளிர்ந்துவிடும்.

பிப்ரவரி 9, இரவு

விட்டுப்போனது: ஒரு வயதுக்குள் இழுத்து ஓட வைக்காதீர்கள், பைக் பின்னால் ஓட்டவே ஓட்டாதீர்கள். குட்டி தானாக ஓடித் தானாக நிற்பது போதும். வளரும் எலும்பின் நுனி மூடுவதற்குள் பாரம் கொடுத்தால் முன்னங்கால் கோணிக்கொள்ளும்.

பிப்ரவரி 12 – திருத்துறைப்பூண்டி வாசகர்

ஓட்டத்துக்கு முயல் காட்டினா நல்லாப் பழகும்னு சொல்றாங்களே அண்ணே. புடிக்க வேணாம், வெரட்ட மட்டும்.

பிப்ரவரி 12

வேண்டாம் தம்பி. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. துரத்துவது, விரட்டுவது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். முயல் தப்பிவிட்டது என்பது பதில் ஆகாது. கீரி, உடும்பு, நரி எல்லாம் இதில் அடக்கம். உங்கள் பக்கம் கோடியக்கரை சரணாலயம் இருக்கிறது. 1967-இல் வெளிமானுக்காக அறிவித்தது. அந்த எல்லையில் ஒரு வேட்டை நாய் அவிழ்ந்தால் மான் குட்டிக்கு எமன்.

ஓட்ட ஆசை தீர ஒரு மூங்கில் கழி, மூன்று மீட்டர் கயிறு, நுனியில் பழைய துணி. நீங்கள் நடுவில் நின்று சுழற்றினால் நாய் சுற்றி ஓடும். ஐந்து நிமிடம் போதும். கடைசியில் துணியைப் பிடிக்க விடுங்கள், இல்லையென்றால் ஆர்வம் விட்டுப்போகும். ஒரே பக்கம் சுழற்றாமல் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

பிப்ரவரி 17

எலி மருந்து. இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். டெல்டாவில் நாய் சாவதற்கு எலிக்கு வைக்கும் விஷமும் ஒரு பெரிய காரணம்.

மூன்று வகை புழங்குகிறது.

முதலாவது துத்தநாக பாஸ்பைடு, கருப்புப் பொடி. 49 பங்கு பொரி அல்லது அரிசிக்கு ஒரு பங்கு மருந்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் எண்ணெய். சிலர் கருவாடும் கலக்கிறார்கள். கருவாட்டு வாசனைக்கு எலியை விட நாய்தான் முதலில் வரும். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். வாயில் பூண்டு நாற்றம் மாதிரி, மீன் அழுகின மாதிரி அடிக்கும். கால் மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, நடுக்கம், மூச்சுத் திணறல். இதற்கு முறிவு மருந்து கிடையாது. மருத்துவரிடம் ஓடவேண்டியதுதான். நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு உங்களையும் தாக்கும். வேனில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போங்கள்.

இரண்டாவது புரோமாடியோலோன், கட்டியாக வருவது. தின்ற அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் நாய் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம், மலம் கருப்பு, மூட்டு வீக்கம். செத்த எலியைத் தின்றாலும் விஷம் ஏறும். இதற்கு முறிவு உண்டு: வைட்டமின் கே1. அவசரத்தில் கே3 ஊசியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அது இதற்கு உதவாது. கே1 என்று எழுதி வாங்குங்கள். கொழுப்புள்ள தீனியோடு மாத்திரை, ஏறக்குறைய நான்கு வாரம். மாத்திரை தொடங்கிய ஐந்தாம் நாளே நாய் துள்ளும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் மறுபடி ரத்தம் கசியும். முடித்த இரண்டு மூன்று நாளில் ரத்தம் உறையும் நேரம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. வளை வாயில் மூக்கை நுழைக்கும் நாய்க்கு அந்தப் புகையே போதும்.

உங்கள் வயலில் நீங்கள் வைக்காமல் இருந்தாலும் பக்கத்து வயல்காரர் வைப்பார். வைக்கும் நாளை முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் நாயைக் கட்டியே வையுங்கள்.

பிப்ரவரி 18 – பாபநாசம் வாசகர்

எங்க ஊர்ல வெசம் தின்னுடுச்சின்னா பாலும் முட்டையும் ஊத்துவாங்க. நல்லதுதானே?

பிப்ரவரி 18

இல்லை. வயிற்றில் தீனி விழுந்தால் அமிலம் சுரக்கும். பாஸ்பைடு தின்ற நாய்க்கு அதுவே கேடு. மயங்கிய நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். மருந்துப் பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வீட்டுக்குள் மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால் மூன்று அங்குலக் குழாய், இரண்டரை அடி நீளம், இரண்டு பக்கமும் திறப்பு, மருந்து நட்ட நடுவில், குழாயைத் தரையோடு கட்டிவிட வேண்டும். இந்த நாய்க்கு வாய் நீளம், ஒடுக்கம். தேங்காய்ச் சிரட்டை மூடி, தகர டப்பா எல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

மார்ச் 2 – மன்னார்குடி வாசகர்

எலியை விட்டுடறேன். நாய் ஆசை விடல. குட்டி பாக்கப் போறேன். எதைப் பாக்கணும்?

மார்ச் 2

முதலில் தாயைப் பாருங்கள். தாய் பயந்து மூலையில் ஒண்டினால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். அப்பன் யார் என்று கேளுங்கள். அண்ணன் தங்கைச் சேர்க்கை சகஜமாக நடக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017 விதி. தாய்க்கு 18 மாதம் ஆன பிறகே சேர்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

ராஜபாளையம் வெள்ளைக் குட்டி என்றால் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். மற்ற குட்டிகளிலிருந்து பிரித்து, அது பார்க்காத பக்கம் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். காலால் தரையைத் தட்டினால் அதிர்வுக்கே திரும்பிவிடும், ஏமாறக் கூடாது.

ஆண் குட்டிக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா, ஈறு ரோஸாக இருக்கிறதா. ஈறு வெளுத்து வயிறு உப்பியிருந்தால் குடற்புழு. ஈர மண்ணில் கொக்கிப்புழு குஞ்சு பெருகும், நம் பக்கம் அதற்குச் சொர்க்கம். இரண்டு வாரத்தில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. தடுப்பூசி ஆறிலிருந்து எட்டாம் வாரத்துக்குள் தொடங்கி 16-ஆம் வாரம் வரை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு விட்டவர்கள்தான் பார்வோ என்ற வைரஸ் கழிச்சலில் குட்டியைப் பறிகொடுக்கிறார்கள். வெறிநாய்த் தடுப்பு மூன்று மாதத்தில்.

மார்ச் 3

கழுத்துப்பட்டை. இந்த நாய்க்குத் தலையும் கழுத்தும் ஒரே அளவு. சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். நாலு ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டை, காதுக்குக் கீழே கழுத்தின் மேல்பாகத்தில், இரண்டு விரல் நுழையும் இறுக்கம். கயிறு இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். பத்து மீட்டர் கயிற்றில் முழு வேகம் எடுத்து நுனியில் வெடுக்கென்று இழுபட்டால் கழுத்தெலும்பே போய்விடும்.

மார்ச் 20 – வலங்கைமான் வாசகர்

விலா எலும்பு தெரியுது, சாப்பாடு போடறதில்லையான்னு ஊரே கேக்குதே.

மார்ச் 20

கேட்கட்டும். வளர்ந்த நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிய வேண்டும், இடுப்பெலும்பு நுனி இரண்டும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். முதுகுத்தண்டு முழுக்கத் துருத்தினால்தான் இளைப்பு.

18 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு: 150 கிராம் அரிசியை வடித்த சோறு, 250 கிராம் கோழிக்கறி, ஒரு முட்டை, ஒரு கை பூசணி அல்லது கேரட், அரை டீஸ்பூன் முட்டையோட்டுத் தூள். இரண்டு வேளையாகப் பிரியுங்கள். வெறும் சோறும் ரசமும் போட்டால் வயிறு தொங்கும், தொடைச் சதை கரையும். வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகாது. வேகவைத்த எலும்பு குத்தும். ஆற்று மீன் போட்டால் வேகவைத்து முள் எடுத்துப் போடுங்கள். கெளுத்தி முள் தொண்டையில் குறுக்கே நின்றால் ஆபரேஷன்தான்.

தின்று இரண்டு மணி நேரம் ஓட்டம் கூடாது. நெஞ்சு ஆழமான நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளமாக உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள்.

ஏப்ரல் 14

உண்ணி. நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் சுவர் வெடிப்பில் இருக்கிறது. குடித்து முடித்ததும் உதிர்ந்து, மேல் நோக்கி ஏறி, சந்து பார்த்து முட்டையிடும். நாயை மட்டும் குளிப்பாட்டுவதால் ஒன்றும் ஆகாது. கொட்டகைச் சுவரைப் பூசி வெடிப்பை அடைத்துவிட்டு, உண்ணி மருந்தை 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை அடியுங்கள். மாட்டுக்குப் போடும் ஊசியைக் கண்ணளவில் நாய்க்குப் போடுவது கொலைக்குச் சமம்.

காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுப்பு, காப்பி நிறத்தில் மூத்திரம்: உண்ணிக் காய்ச்சல் என்று எண்ணி அன்றே ரத்தம் பாருங்கள்.

ஏப்ரல் 29

முள் கம்பியில் கிழிந்த தோலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தோல் காகிதம் மாதிரி கிழியும். ரத்தம் குறைவாக வரும், கிழிசல் பெரிதாக இருக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவி, ஈரத் துணியால் மூடி, ஆறு மணி நேரத்துக்குள் தையலுக்குக் கொண்டு போங்கள். மஞ்சள், மண்ணெண்ணெய், வண்டி ஆயில் எதுவும் தடவாதீர்கள். தடவினால் தையல் பிடிக்காது.

மயக்க மருந்து கொடுக்குமுன் ‘இது வேட்டை நாய் இனம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தயோபென்டால் வகை மருந்து கொழுப்பில்லாத உடம்பில் தங்கிவிடும், தெளிய நேரம் ஆகும். கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டு வேட்டை நாயில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. அதே உடற்கட்டு உள்ள நம் நாய்க்கும் அதே எச்சரிக்கை வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் நமக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஜூன் 20 – மன்னார்குடி வாசகர்

செவலைக் குட்டி, ஆண். வந்து பத்து நாளாச்சு. மேட்டூர் தொறந்துட்டாங்க, வாய்க்கால்ல தண்ணி வந்துரும். இப்ப என்ன கவனிக்கணும்?

ஜூன் 20

சேறு. நடவு தொடங்கினால் உரம் கரைந்த தண்ணீர், களைக்கொல்லி எல்லாம் வரப்போரம் தேங்கும். நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கைக் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். கழுவுவதை விடத் துடைப்பதுதான் முக்கியம். ஈரத்தோடு விட்டால் இரண்டே நாளில் சேற்றுப்புண், நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும்.

பாம்பும் மேட்டுக்கு ஏறும். கண்ணாடி விரியன் கடித்தால் இடம் வீங்கும், ரத்தம் கசியும். கட்டுவிரியன், நல்ல பாம்பு என்றால் கண்ணிமை சரியும், பின்னங்கால் துவளும். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ள இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 8

வடகிழக்குப் பருவமழைக்கு முன் எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாகிவிட்டதா? எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நடந்தாலே போதும், தோல் கீறல் வழியாக ஏறும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், மூத்திரம் குறைவு. முதல் முறை என்றால் இரண்டு ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில்; பிறகு ஆண்டுக்கு ஒன்று. நோய் வந்த நாயின் மூத்திரத்தை வெறுங்கையால் கழுவாதீர்கள், மனிதருக்கும் தொற்றும்.

அக்டோபர் 9

பிப்ரவரியில் ‘நம் மண்ணுக்குப் பொருந்துமா’ என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போயிருக்கிறேன். தரை காய்ந்திருக்கும் வீட்டுக்குப் பொருந்தும். சிமெண்ட் தொட்டி மாதிரிக் கட்டிய கூண்டில், ஓதமடிக்கும் தரையில் மூன்று மாதம் கிடந்தால் முழங்கை தேய்ந்து புண்ணாகும், மூட்டில் நீர் கோக்கும். கொழுப்பில்லாத உடம்பு, கார்த்திகை அடைமழையில் வெடவெடவென்று நடுங்கும்.

அக்டோபர் 11 – மன்னார்குடி வாசகர்

ஈரத் தரையில படுக்காம இருக்க நாய்க்குக் கட்டில் போட்டுட்டேன். மேல விரிக்க வைக்கோலா, சாக்கா?

அக்டோபர் 11

சாக்கு. வைக்கோலுக்குள் உண்ணியும் ஒளியும், ஈரம் பட்டால் பூஞ்சையும் பிடிக்கும். சாக்கை இரண்டாக மடித்து நான்கு மூலையிலும் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் சுருட்டிக் கீழே தள்ளிவிடும். இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடுப்படிச் சூட்டில் காயப்போடுங்கள். கட்டில் தரையிலிருந்து ஒரு அடி உயரம், தலைமாடு சாரல் அடிக்காத பக்கம்.

கட்டில் காலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உண்ணி சுவர் வழியாகத்தான் வரும்.